நான் நிறுத்தாமல் விட்ட சந்தா

தவம் அண்ணை தண்ணீர் களவெடுக்கவில்லை. களவெடுத்தது நான் எழுதிய கணினி நிரல்! அது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இதோ, சொல்லிவிட்டேன்... இவ்வளவுதானா? இந்த நாலு வரியைச் சொல்ல எனக்கு இரண்டு போகம் எடுத்திருக்கிறது. கரவெட்டியில் அந்தக் கிணற்றைச் சுற்றி இரண்டு தடவை வெங்காயம் நட்டு, இரண்டு தடவை கிண்டிவிட்டார்கள். நான் மட்டும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நின்றுகொண்டிருக்கிறேன்.

உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் சொல்லத் துணிவு வரவில்லை என்று இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

நெல்லியடியில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரே ஓர் அறை, இரண்டு மேசை. நானும் கிரியும். பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவன் கிரி. ஆட்களோடு கதைப்பது அவன் வேலை, நிரல் முழுவதும் என் வேலை. தோட்டக்காரரின் கிணறுகளுக்கு ஒரு பெட்டி செய்தோம். எவ்வளவு ஆசையோடு செய்தோம் தெரியுமா!

அந்தக் கிணறு ஒரு பங்குக் கிணறு. ஒரு கிணற்றுக்கு மூன்று பங்காளர். முதல் நாள் தவம் அண்ணையின் முறை, அடுத்த நாள் புஷ்பம் அக்காவின் முறை, மூன்றாம் நாள் கணேசு ஐயாவின் முறை. அதன் பிறகு மறுபடியும் தவம் அண்ணை. இந்த ஒழுங்கை எவரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எவரும் மீறுவதும் இல்லை. இன்னொருவர் முறையில் தண்ணீர் எடுத்தால் அதற்குப் பெயர் களவு. ஒரு முறைத் தண்ணீருக்காகப் பேச்சுவார்த்தை அறுந்துபோன வீடுகள் அங்கே இருக்கின்றன.

வெயில் காலத்தில் அந்தக் கிணறு ஒரே மூச்சில் இறைக்க விடாது. கொஞ்ச நேரம் இறைத்தால் அடி தெரியும். மோட்டரை நிறுத்தி, ஊறும்வரை காத்திருந்து, மறுபடி போட வேண்டும். முறைக்காரர் பகல் முழுக்கக் கிணற்றடியில் காவல் நிற்க வேண்டியதுதான். அந்தக் காவலை எங்கள் பெட்டி பார்த்துக்கொண்டது.

கிணற்றுக்குள் ஓர் உணரி இறக்கினோம். நீர்மட்டம் எவ்வளவு என்று அது சில விநாடிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்கும். ஓயாமல் வரும் தரவோடை அது. முறைக்காரர் தன் போனில் ‘தொடங்கு’ என்பதை அமத்தியதும், அவர் பெயரில் எங்கள் சேவர் கணினியில் ஒரு நிரல்துண்டு அந்த ஓடைக்குக் காது கொடுக்கத் தொடங்கும். இதைத்தான் சந்தா என்கிறோம். நீர் ஏறினால் அந்தச் சந்தா மோட்டரைப் போட்டு, அவருடைய தோட்டத்துக் குழாயைத் திறக்கும். நீர் இறங்கினால் நிறுத்தும். ‘நிறுத்து’ என்று அவர் அமத்தியதும் சந்தா அழிந்துவிட வேண்டும். அவ்வளவுதான்!

முதல் நாள் மோட்டர் தானாக நின்று, தானாக ஓடியதைப் பார்த்துத் தவம் அண்ணை மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

“உது என்ன பிள்ளை, மோட்டருக்கு மூளை வைச்சுவிட்டீரே!”

நாற்பத்தைந்து வயது மனிதர். காய்த்துத் தடித்த விரல்கள். போனின் திரை அந்த விரலை உடனே ஏற்காது, இரண்டு மூன்று தரம் அமத்துவார். அமத்திவிட்டு என்னைப் பார்த்துச் சரியோ என்று கண்ணால் கேட்பார். அன்று நான் ஸ்கூட்டரில் திரும்பி வந்தேனா பறந்து வந்தேனா என்று தெரியவில்லை!

சந்தாவைப் பற்றி நான் சொல்வது வேடிக்கைதான்... யாழ்ப்பாணத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் நானே ஒரு மணிநேரம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். “திறந்த சந்தாவை மூடாமல் விடாதீர்கள். நீங்கள் மறந்துபோவீர்கள், அது மறக்காது. கேட்டுக்கொண்டே இருக்கும், செய்துகொண்டே இருக்கும்” என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் நன்றாகவே பிடித்திருந்தது.

பிறகு புஷ்பம் அக்காவின் மாமியார் இறந்துபோனார்.

செத்தவீடு, காடாற்று, வந்துபோகிறவர்கள் என்று அக்காவுக்குத் தோட்டப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. முறைகள் வீணாகின. மிளகாய்க் கன்றுகள் தலை தொங்கிவிட்டன. தவம் அண்ணை தன்னுடைய முறை நாளில் பாதியை இறைத்துவிட்டு, மீதியை அக்காவுக்குக் கொடுக்க நினைத்தார். அங்கே அது வழக்கமாம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்றப் பங்காளர் தங்கள் தண்ணீரில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். எங்கள் செயலியில் அதற்கு வழியே இருக்கவில்லை.

“பிள்ளை, முறையைக் கைமாத்திறதுக்கு ஒரு பொத்தான் வேணும். புஷ்பத்தின்ரை கண்டு காயுது. என்ரை வெங்காயம் ஒரு நாள் பொறுக்கும்.”

நான் பருத்தித்துறை மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை. அப்பா பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். வீட்டுக் கிணறு எங்களுக்கு மட்டுமே உரியது. தண்ணீரை நாளாகவும் அரை நாளாகவும் வெட்டி ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்பது எனக்கு முழுப் புதினம்! எனக்குள் ஓர் ஆவேசமே வந்துவிட்டது. மத்தியானச் சோற்றுக்கு முன்பே அந்தப் பொத்தானை எழுதி முடித்தேன்.

அங்கேதான் பிழை விட்டேன்.

ஒரு சந்தாவிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பழையதை விட்டுவிட்டுப் புதியதற்கு மாறுவது ஒன்று. பழையதையும் வைத்துக்கொண்டு புதியதைச் சேர்ப்பது மற்றது. எழுத்தில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுகிறவர், நிறைந்த பாத்தியின் வாயை மண் போட்டு அடைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறப்பார். நான் அடைக்காமலே திறந்தேன். ‘மாறு’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘சேர்’ என்று எழுதினேன்.

சோதித்துப் பார்த்தேனா? பார்த்தேன்! புஷ்பம் அக்காவின் குழாயில் தண்ணீர் வந்தது. தவம் அண்ணையின் சந்தா அழிந்ததா என்று பார்க்கவில்லை. பசி வேறு.

அந்த மாதத்தில் தவம் அண்ணை நாலு தடவை முறை கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது கூத்து. யாராவது இறைத்துக்கொண்டிருக்கும்போது பெட்டி கடைசியாக வந்த கட்டளைக்கே பணியும், ஆகவே ஒன்றும் தெரியவில்லை. இரவில் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள், அப்போதும் தெரியவில்லை. புஷ்பம் அக்கா தன் முறை நாளில் பதினொரு மணிக்கு நிறுத்திவிட்டுச் சமைக்கப் போவார். கிணறு ஊறும். மிச்சத்தையும் இறைக்கலாம் என்று அவர் இரண்டு மணிக்கு வந்து பார்த்தால், கிணற்றில் அடிமண் தெரியும்! தவம் அண்ணையின் வெங்காயப் பாத்திகளில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்!

ஒரு தடவை நடந்தது. கணேசு ஐயாவின் நாளிலும் நடந்தது. மூன்றாம் தடவை புஷ்பம் அக்கா வேலியடியில் நின்று ஊருக்கே கேட்கக் கத்தினார். தவம் அண்ணையின் வெங்காயமும் தப்பவில்லை. தண்ணீர் தேங்கித் தேங்கித் தாள் மஞ்சளித்து, கிழங்கு அழுகத் தொடங்கியிருந்தது. தன் பயிரை அழுக வைக்கவா ஒரு மனிதன் தண்ணீர் களவெடுப்பான்? அதை அன்று எவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை என்னைக் கிணற்றடிக்கு அழைத்தார்கள். பெட்டியில் எல்லாம் பதிவாகும் என்று நாங்கள்தானே பெருமையடித்திருந்தோம். லப்டொப்பைக் கிணற்றுக்கட்டின் மேல் வைத்துத் திறந்தேன். மூன்று மத்தியானங்கள். மூன்றிலும் ஒரே பெயர், தவம் அண்ணையின் முழுப் பெயர். தவராசா, தொடக்கம்.

“பிள்ளை, வியாழக்கிழமை மத்தியானம் நான் கிளினிக்கிலை நிண்டனான். போனும் சார்ஜ் இல்லாமச் செத்துக் கிடந்தது.”

“அப்ப பேயே வந்து அமத்தினது?” என்றார் புஷ்பம் அக்கா. “நாலு நாள் தண்ணி தந்திட்டு, நாப்பது நாளைக்கு எடுக்கப் பாக்கிறார் உவர்!”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தலையை நிமிர்த்திச் சொன்னேன்.

“அண்ணை, பெட்டி பொய் சொல்லாது.”

ஆனால் அந்த ‘சார்ஜ் இல்லாமல்’ என்ற சொல் என்னை விடவில்லை. அலுவலகத்துக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் சேவரைத் திறந்து ஒரு கேள்வி கேட்டேன். இந்தக் கிணற்றுக்கு இந்த நிமிடம் எத்தனை சந்தாக்கள் காது கொடுக்கின்றன? மோட்டர் ஓடாத நேரம். பூச்சியம் என்று வர வேண்டும்.

நாலு என்று வந்தது!

நாலும் தவம் அண்ணையின் பெயரில். அவர் முறை கொடுத்த ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. போன் செத்தால் என்ன, அவர் கிளினிக்கில் நின்றால் என்ன? அவை போனில் இல்லை, எங்கள் சேவரில் உயிரோடு இருந்தன. நீர் ஏறும் வரை காத்திருந்து, ஏறியதும் அவர் பெயரைச் சொல்லி மோட்டரைப் போட்டுக்கொண்டிருந்தன!

அந்தக் கணத்தில் எனக்கு வந்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? வெட்கமா? பயமா? இல்லை... சந்தோசம்! கதிரை பின்னால் விழ எழுந்து துள்ளினேன்! “பிடிச்சிட்டன்! பிடிச்சிட்டன்!” என்று கத்தினேன். கீழே புடவைக்கடை அக்கா “மேலை என்னடி நடக்குது?” என்று கூப்பிட்டார். நான் சிரித்தேன். ஒளிந்திருந்த பிழை ஒன்று கையில் அகப்படும்போது வரும் அந்த வெறியை உங்களுக்கு எப்படிச் சொல்வது? ‘சேர்’ என்பதை அழித்து ‘மாறு’ என்று எழுதினேன். சேவரை மறுபடி தொடக்கினேன். நாலு, பூச்சியமானது. திருத்தக் குறிப்பில் ‘சிறு திருத்தம்’ என்று இரண்டே சொல் எழுதினேன்.

பத்து நிமிடம்... அந்தப் பத்து நிமிடமும் உலகத்தில் தவம் அண்ணை என்றொரு மனிதர் இருப்பதே எனக்கு நினைவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

நினைவு வந்ததும் கிரியிடம் சொன்னேன். அவன் எழுந்து கதவைச் சாத்தினான்.

“திங்கக்கிழமை கொழும்பிலை இருந்து காசு போடுற ஆக்கள் வருகினம். இந்தக் கிணத்தைத்தான் காட்டப் போறம். சரியெண்டா இன்னும் எத்தினை கிணத்துக்குப் பெட்டி போகும், யோசி. ரெண்டு நாள் பொறு. செவ்வாய்க்கிழமை நானே வந்து தவம் அண்ணையிட்டைச் சொல்லுறன்.”

கிரியை நோகாதீர்கள். அவன் பொறு என்றதும் எனக்குள் ஒரு பாரம் இறங்கியதே, அது என்னுடையது.

இருந்தும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உட்கார முடியவில்லை. பாட்டு ஓடியது, பிரசங்கம் ஓடியது, என் காதில் ஒன்றும் விழவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினேன்! ஆராதனை முடிந்ததும் நேரே கரவெட்டிக்கு ஸ்கூட்டரை விட்டேன். வழி முழுக்க வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ‘அண்ணை, பிழை என்ரை. அண்ணை, பிழை என்ரை.’ எவ்வளவு இலேசாக வந்தது! காற்றில் சொல்வதற்கு என்ன தடை?

வீட்டில் தவம் அண்ணை இல்லை. பிள்ளையார் கோயிலடியில் நிற்கிறார் என்றார்கள்.

மத்தியானப் பூசை முடிந்த நேரம். கணேசு ஐயா, புஷ்பம் அக்கா, அயலில் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் ஒரு தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் வழி விட்டார்கள்.

“கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும்” என்றார் புஷ்பம் அக்கா. “தான் எடுக்கேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லட்டும். பிறகு நான் உதைப் பற்றி வாயே திறக்கன்.”

கேட்டதும் தட்டுக்குக் கிட்டப் போய் நின்றேன். வழி பிறந்துவிட்டது! அவர் எடுக்கவில்லை, சத்தியம் பண்ணுவார், அது உண்மைச் சத்தியம், அவர் பெயர் தப்பும், பெட்டியின் பெயரும் தப்பும், நான் ஒன்றுமே சொல்லத் தேவையில்லை! பண்ணுங்கள் அண்ணை, பண்ணுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். இன்னொருவருடைய கடவுளின் முன்னால் நின்று, என் வாழ்க்கையிலேயே மிக ஊக்கமாக ஜெபித்தேன்.

அவர் கையை நீட்டினார். சுடருக்கு மேலே அந்தத் தடித்த கை போய் நின்றது. நின்றபடி என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை... பெட்டி பொய் சொல்லாதெண்டு சொன்னீர், என்ன?”

இதோ, என்னிடமே கேட்டுவிட்டார்! வழி முழுக்கச் சொல்லிப் பார்த்த சொல் நுனிநாக்கில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு முகங்கள். திங்கட்கிழமை. கைதட்டல்கள். எல்லாம் ஒரு நொடியில் வந்து நின்றன.

“ஓம் அண்ணை” என்றேன்.

அவர் கையை எடுத்துவிட்டார்.

“அப்ப நான் சத்தியம் பண்ண ஏலாது. என்ரை விரல் ஒரு மாதிரி விரல். அமத்த நினைக்கிறது அமராது, நினைக்காதது அமர்ந்திருக்கும். எங்கையோ பட்டிருக்கு. தெரியாத ஒண்டைச் சாமிக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுறது? பிழையெண்டா என்ரை பிழைதான் புஷ்பம், மனசிலை வையாதை.”

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. சத்தியம் பண்ணாமல் கையை எடுத்தவரைப் பற்றி ஊர் என்ன நினைக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? புஷ்பம் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வேலியடியில் நின்று கத்தியபோதுகூட அவர் முகம் அப்படி இருக்கவில்லை.

உலகத்தில் அவர் ஒருவர்தான் என் நிரலைத் தன்னைவிட அதிகமாக நம்பினார். அந்த நம்பிக்கைக்கு நான் கொடுத்த பதில் அந்த ‘ஓம்’.

திங்கட்கிழமை கொழும்பிலிருந்து வந்தவர்கள் கிணற்றைப் பார்த்தார்கள். பெட்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஏன் ஓடாது? திருத்திவிட்டேனே! கிரியின் கையைக் குலுக்கினார்கள், என் கையைக் குலுக்கினார்கள். நான் சிரித்தேன். நிஜமாகவே சந்தோசமாகத்தான் இருந்தது, அதையும் ஒளிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கிரி “போவமே?” என்று கேட்டான். பிழை என்றால் சொல்லலாம். அந்த ‘ஓம்’ பற்றி எப்படிச் சொல்வது? கோயிலில் நடந்தது அவனுக்குத் தெரியாது. “நான் ஞாயிறே சொல்லிப்போட்டன்” என்றேன். அப்படி அவனிடமும் ஒரு பொய்.

இப்போது பல கிணறுகளில் எங்கள் பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு சந்தாவும் முறையாகத் திறந்து முறையாக மூடுகிறது. இனி எவருக்கும் இப்படி நடக்காது என்று என்னை நானே தேற்றிப் பார்த்தேன். நடந்த ஒருவருக்கு என்ன செய்தேன்?

போன மாதம் கணேசு ஐயாவின் தம்பி இறந்துபோனார். தவம் அண்ணை செத்தவீட்டுக்குப் போய், ‘என்ரை முறையிலை அரை நாளை எடுங்கோ’ என்று கேட்டாராம். ‘வேண்டாம் தவம், சமாளிப்பம்’ என்று கணேசு ஐயா மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டாராம். அவர்களுடைய கத்தரி வாடிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் கண்டேன். வாடினாலும் பரவாயில்லை, தவம் அண்ணையின் தண்ணீர் வேண்டாம். அவருக்கு இருந்த பெருமையெல்லாம் அந்தக் கொடுப்பதில்தான் இருந்தது என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

நான் எழுதிய அந்தப் பொத்தான் அவருடைய போனில் இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை அவர் அதை ஒரு தரமும் அமத்தவில்லை. எனக்குப் பதிவில் தெரியும்.

ஆனால் அவர் இன்னொன்று செய்கிறார்... இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

மூன்று நாளுக்கு ஒருமுறை, தன்னுடைய முறை முடிந்ததும் எனக்குப் போன் எடுக்கிறார். தன் விரலை அவர் நம்புவதில்லை. என்னைத்தான் நம்புகிறார்! நான் எங்கே நின்றாலும் எடுப்பேன். எடுக்காமல் விட்டால் எடுக்கும்வரை கிணற்றடியிலேயே நிற்பார் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிடுவது என்று ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடிக்கிறேன். ஒவ்வொரு தடவையும்...

இன்றைக்கு அவருடைய முறை. மணி நாலரை. இதோ, மேசையில் போன் அதிர்கிறது. தவம் அண்ணை.

“பிள்ளை, நான் நிப்பாட்டிப்போட்டன். உம்மடை பக்கத்திலை நிண்டிட்டுதோ எண்டு ஒருக்காப் பாரும்.”

பார்க்கிறேன். பூச்சியம்.

“வடிவாப் பாத்தனீரோ? பிறகு என்னாலை ஆருக்கும் கரைச்சல் வரக்கூடாது.”

“ஓம் அண்ணை” என்கிறேன். “நிண்டிட்டுது.”